ஏன் வரவில்லை என்று கேளுங்கள்: புற்றுநோயாளர் மனத்துயர் அறியும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஒவ்வொருவரிடமும், மருந்து ஏற்றுவதற்கு முன் எடை பார்ப்பதைப் போலவே, மனசு எப்படி இருக்கிறது, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். கேட்டுப் பதில் வந்துவிட்டால், அந்தப் பதிலுக்கு ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். இந்த இரண்டு கோரிக்கைகளுக்காகத்தான் இயக்கம் தொடங்குகிறோம். இரண்டாவது இல்லாத முதலாவது எங்களுக்குத் தேவையில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கீமோ முடித்தவர்கள், கரண்ட் என்று வழக்கில் சொல்லும் கதிர்வீச்சு வைத்து முடித்தவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்தவர்கள், கேன்சர் வார்டு செவிலியர்கள், ரேடியோதெரபி டெக்னீஷியன்கள், சமூகப் பணி படித்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் என்று பல தரப்பினரும் இதில் இருக்கிறோம். டாக்டர்களும் சிலர் உண்டு. இயக்கத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. வந்த பெயர்களில் பாதியில் ‘நம்பிக்கை’ இருக்கிறது, மீதியில் ‘விடியல்’ இருக்கிறது. பெயர் நிதானமாக வரட்டும். வேலை காத்திருக்காது.

தமிழ்நாட்டின் எந்தக் கதிர்வீச்சுப் பிரிவிலும் பார்க்கக்கூடிய ஒரு கோப்பைத் திறப்போம். கர்ப்பப்பைவாய்ப் புற்று. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு கரண்ட் என்று 25, வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. தேதி வாரியாகக் கட்டம் போட்ட தாளில் பத்து நாளுக்கு டிக் விழுந்திருக்கிறது. அதன்பின் மூன்று கட்டங்கள் காலி. பக்கத்தில் ‘டிஃபால்ட்’ என்று ஒரு வார்த்தை. மறுபடி டிக். கோப்பைப் பொறுத்தவரை நடந்தது அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது? துணைக்கு இருந்த மூத்த மகள் பிளஸ் டூ படிக்கிறாள். செய்முறைத் தேர்வு என்று பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள், அவள் ஊருக்குப் போனாள். கணவர் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறார், கணக்கு தீராமல் வெளியே வர முடியாது. துணைக்கு ஆளில்லாமல் ராத்திரி வராந்தாவில் படுக்க அந்த அம்மாவுக்குப் பயம். அவரும் ஊருக்குப் போய்விட்டார். நான்காம் நாள் தனியாகவே திரும்பி வந்து டோக்கன் வாங்கினார். அவரிடம் ‘ஏம்மா, மூணு நாளா காணோம்?’ என்று கேட்டது ஒரே ஒருவர். வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி. பாட்டியும் அங்கே நோயாளிதான்.

இதைக் கண்ணீர்க் கதையாக நாங்கள் சொல்லவில்லை, மருத்துவக் கணக்காகவே சொல்கிறோம். கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்கு வெளிக் கதிர்வீச்சும் உள் கதிர்வீச்சும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்று 1990களிலேயே ஆய்வுகள் காட்டின. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய லீனியர் ஆக்சிலரேட்டர் மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிவைக்கிறது. அதன் பலனை ஒரு செய்முறைத் தேர்வும் ஒரு சூளை முன்பணமும் அரித்துவிடுகின்றன. மகளை அனுப்பிவிட்டு மூன்று ராத்திரி தங்க அந்த அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தால் போதும். தங்க இடம் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

கேட்கும் முறை ஒன்றும் புதிதல்ல. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977ல் மனநலப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர், கட்டியை மட்டும் பார்க்கும் பார்வை போதாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். புற்றுநோயாளரின் மனநலம் தனித் துறையாக வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அவர் தலைமையிலான குழு 1990களின் கடைசியில் ஒரு எளிய படத்தைக் கொண்டுவந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல ஒரு படம், அடியில் 0, உச்சியில் 10. கடந்த ஒரு வாரத்தில், இன்றைக்கும் சேர்த்து, உங்கள் துயரம் எவ்வளவு? வட்டமிடுங்கள். பக்கத்தில் ஒரு பட்டியல்: பணம், போக்குவரத்து, பிள்ளைகள், தூக்கம், பயம், வலி. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். வலியை 0 முதல் 10 வரை கேட்டுப் பழகிய மருத்துவமனைகள் மனத்துயரையும் அப்படியே கேட்கலாம் என்பதுதான் யோசனை. கனடாவில் 2004ல் இதை ஆறாவது உயிர்க்குறியாக ஏற்றார்கள். காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வலி, அதன் பிறகு மனத்துயர். அமெரிக்காவில் அறுவை மருத்துவர் கல்லூரியின் புற்றுநோய் ஆணையம் 2012ல் வெளியிட்ட தரவிதிகளில், அங்கீகாரம் வேண்டும் மையங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சேர்த்தது.

‘எங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்’ என்று டாக்டர்கள் சொல்வார்கள். அனுபவசாலிகள், மறுப்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 143 புற்றுநோய் மருத்துவர்களையும் அவர்களிடம் வந்த 2,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் வைத்து நடந்த ஆய்வு 2001ல் வெளியானது. கடும் மனத்துயரில் இருந்தவர்களில் மூன்றில் ஒருவரைக்கூட டாக்டர்கள் சரியாக இனம் காணவில்லை. வார்டில் அழுபவர் கண்ணில் படுவார். சிரித்துக்கொண்டே ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்பவர் படமாட்டார். அதிலும் நம் ஊரில் டாக்டர் முன் நின்றால், எவ்வளவு கஷ்டம் இருந்தாலும், அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற மரியாதை ஒன்று வாயை அடைத்துவிடுகிறது.

2011ல் வந்த ஒரு பெருந்தொகுப்பு, 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருத்துவமனைச் சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளர்களில் 30 முதல் 40 சதவீதம் பேர் மனச்சோர்வு, பதற்றம், சூழலோடு ஒத்துப்போக முடியாத நிலை என்று ஏதோ ஒன்றில் சிக்கியிருக்கிறார்கள். கீமோ டே கேரில் பத்து நாற்காலி இருந்தால் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொரு நாற்காலிக்கும் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருக்கிறது. ‘கவுண்ட் குறைஞ்சிருக்கு, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. மனசின் கணக்கை எடுக்க மட்டும் ஆளில்லை.

இனி எங்களுக்கே சங்கடமான ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இயக்கம் நடத்தினால் அது விளம்பரம். அட்டையைக் கொடுத்து எண்ணை வாங்குவதால் மட்டும் நோயாளியின் துயரம் குறைவதில்லை. பிரிட்டனில் இதே தெர்மாமீட்டரையும் பட்டியலையும் வைத்துச் சோதித்துப் பார்த்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகளைப் போலத்தான் அந்தக் கேள்வி.

அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. புற்றுநோயோடு கடும் மனச்சோர்வும் இருந்த 500 பேர். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற புற்றுநோய்ச் செவிலியர்கள் நேரில் உட்கார்ந்து, பிரச்சினைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மனநல மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து பார்த்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், இரண்டாவது பிரிவில் 17 சதவீதம். இதில் எங்களை உலுக்கியது எதுவென்றால், அந்த இரண்டாவது பிரிவினரும் கவனிக்கப்படாமல் விடப்பட்டவர்கள் அல்லர். ‘இவருக்கு மனச்சோர்வு இருக்கிறது’ என்று அவர்களுடைய புற்றுநோய் மருத்துவருக்கும் குடும்ப மருத்துவருக்கும் தகவல் போயிருந்தது. தகவல் போன இடம் வரைதான் போனது. ஆள் போன இடத்தில் மாற்றம் வந்தது. இந்த இயக்கத்தின் கொள்கை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆகவே எந்த மருத்துவமனையாவது ‘மனத்துயர் அறியும் படிவம் அறிமுகம்’ என்று பேனர் கட்டினால் நாங்கள் கைதட்டப்போவதில்லை. படிவம் நிரம்பியதும் அது யார் மேசைக்குப் போகிறது, அந்த மேசையில் உட்காருபவரின் பெயர் என்ன, அவர் நிரந்தரப் பணியாளரா, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்போம். ஆய்வுக் குழு வரும் நாளுக்காக ஒரே பேனாவில் நிரப்பி வைக்கும் பதிவேடுகளை எங்களில் பலர் தங்கள் கையாலேயே நிரப்பியிருக்கிறார்கள். இன்னொரு பதிவேடு வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டில் முடியும், நமக்கு ஆள் ஏது, காசு ஏது என்பார்கள். தமிழ்நாடு இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. எச்ஐவி வந்தபோது இந்தியாவிலேயே முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994ல் இங்கேதான் உருவானது. பிறகு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வந்தன. ஊசி குத்தும் முன் ஆலோசகர் பேச வேண்டும், முடிவு வந்தபின் மறுபடி பேச வேண்டும், பேசியது வெளியே போகக் கூடாது என்று விதி போட்டு நடத்தினோம். பேருந்து நிலையத்தில் போர்டு எழுதி வைத்தோம். நோயின் பெயரைச் சொல்லவே நடுங்கிய காலத்தில் அது நடந்தது. ஆனால் புற்றுநோய் என்று முடிவு வரும் நாளில் அதே வளாகத்தில், பத்தடி தள்ளி, பயாப்சி ரிப்போர்ட்டை மடித்துக் கையில் கொடுத்து ‘ஆங்காலஜிக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுகிறோம். ஒரு நோய்க்கு முடிந்தது இன்னொரு நோய்க்கு ஏன் முடியவில்லை என்று அரசிடம் கேட்கிறோம். பதில் தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆசை.

ஆளுக்குப் பட்டம் பெரிதாக வேண்டும் என்பதும் இல்லை. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆலோசகர்கள் கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சில சந்திப்புகளில் கைதூக்கிவிட முடியும் என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் போதும். நம்மிடம் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார், சுகர் மாத்திரை கொடுக்கிறார். கரண்ட் முடித்து ஊர் திரும்பிய வீட்டுக்கும் அவர் போகிறார். அவர் கேட்கும் கேள்விகளோடு மனசு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை அல்ல. கண்டுபிடித்த பிறகு அனுப்ப மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கிறார். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உடல் நோய்க்கும் மன நோய்க்கும் சம மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

அடுத்து, எதைக் கேட்பது? மேல்நாட்டுப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. நம் வார்டில் மனசு உடைவது பெரும்பாலும் மனசில் தொடங்குவதில்லை. பஸ் காசில் தொடங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைக்கும் மருந்துக்கும் கரண்டுக்கும் வழி செய்கிறது. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டோம். அட்டை பார்க்காதது கூலியை. ஏழு வாரம் கரண்ட் என்றால் ஏழு வாரக் கூலி போச்சு, துணைக்கு வந்தவருடைய கூலியும் சேர்த்து. அதனால் எங்கள் கேள்வி அட்டையில் முதல் கேள்விகள் இப்படி இருக்கும்: வந்துபோகக் காசு இருக்கா? ராத்திரி எங்கே தங்குறீங்க? நேத்து என்ன சாப்பிட்டீங்க? பிள்ளைங்களை யார் பார்த்துக்கறாங்க? யார்கிட்டயாவது வட்டிக்கு வாங்கியிருக்கீங்களா? இதையெல்லாம் கேட்ட பிறகு: வீட்டுல தட்டு டம்ளரைத் தனியா வெச்சிட்டாங்களா? யாராச்சும் ‘நீயா தேடிக்கிட்டது’ன்னு சொல்றாங்களா? தூக்கம் வருதா? கடைசியாக, நேராக: ‘இருந்து என்ன ஆகப்போகுது, போயிடலாம்னு தோணுதா?’

இந்தக் கடைசிக் கேள்வியைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். கேட்டால் நினைப்பை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. கேட்டால் பாரம் இறங்குவதுதான் வழக்கம். அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2008ல் வெளியான கணக்கின்படி, புற்றுநோயாளரிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களிடம் இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அன்றைக்கே, அங்கேயே, ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. ஊருக்குத் திரும்பியபின் ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் அழைப்பதற்கு டெலி மானஸ் எண் 14416, மாநிலத்தின் 104 இரண்டும் இருக்கின்றன. இவை நோயாளியின் கையேட்டில் முதல் பக்கத்தில் அச்சாக வேண்டும்.

எண் சொல்ல நம் மக்களுக்கு வராது என்று ஒரு வாதம் உண்டு. வலி எப்படி என்று கேட்டால் ‘ரூபாய்க்கு எட்டணா தேவலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடம்புக்கு அளவு சொல்லத் தெரிந்தவருக்கு மனசுக்கும் தெரியும். படி வரைந்த படமோ, அணாக் கணக்கோ, எது எளிதோ அது. ஆனால் 4 என்ற கோட்டை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் வார்டுகளில் சோதித்துப் பார்த்துக் கோடு போடும்படி மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளப்புற்றுநோயியல் துறை ஒன்று இயங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய இடம் அது. வழிகாட்ட ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

வாய்ப்புற்றுக்குத் தாடையை எடுத்தவரிடம் இந்தக் கேள்விகளை வாயால் கேட்டுப் பயனில்லை. அவர் துண்டால் முகத்தை மறைத்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எச்சில் நிற்காமல் வழிவதால் டீக்கடைக்குப் போவதை விட்டிருப்பார். மூக்கில் டியூப் போட்ட ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது எங்கே போய் உட்காருவார் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களுக்கு விரலால் தொட்டுக் காட்டும் படங்கள் வேண்டும், அல்லது ஒரு சிலேட்டு. ஹான்ஸ் புகையிலை போட்டவர்தானே, குடித்தவர்தானே என்ற பேச்சு வார்டு ஊழியர் வாயிலிருந்தே வருவதை நிறுத்த வேண்டும். அந்தக் குற்ற உணர்ச்சியைக் கூட்டுவதற்கு அவர்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பைக் கதிர்வீச்சு முடிந்த பெண்ணிடம் தாம்பத்தியம் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பெண் ஊழியர், கதவைச் சாத்திக்கொண்டு, கேட்க வேண்டும்.

கதவைச் சாத்துவது என்றதும் துணைக்கு வந்தவர்கள் கோபிப்பார்கள். ‘அவங்ககிட்ட நோயைச் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க’ என்று மகன் காதோடு சொல்கிறார். உள்ளே அம்மா, ‘எனக்கு எல்லாம் தெரியும், பையன்கிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, உடைஞ்சிடுவான்’ என்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு, ஒரே பஸ்ஸில் திரும்புகிறார்கள். இது நம் பண்பாடு, தலையிடாதீர்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1961ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் டாக்டர்களைக் கேட்டபோது, 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979ல் அமெரிக்காவில் மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதாகச் சொன்னார்கள். பதினெட்டு ஆண்டில் மாறும் ஒன்றைப் பண்பாடு என்று கல்லில் செதுக்க வேண்டாம். நாங்கள் யாரிடமும் வலிந்து நோயின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் நோயாளி தனியாகப் பேசப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். துணைக்கு வந்தவருக்கும் தனியாகப் பத்து நிமிடம் வேண்டும். அவருடைய துயரத்தின் எண்ணையும் யாரும் கேட்டதில்லை.

எங்கே கேட்பது என்பதும் கொள்கைப் பிரச்சினைதான். ‘32ஆம் நம்பர் ரூம்ல மனநல டாக்டரைப் பாருங்க’ என்று சீட்டு எழுதினால், பாதிப் பேர் அந்த ரூமுக்குப் போகமாட்டார்கள். ‘என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கறாங்க’ என்று சீட்டைக் கிழித்துப்போடுவார்கள். 1794ல் தொடங்கி, இப்போது அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையின் பெயரை வசவாக்கி வைத்திருக்கும் ஊர் இது. அதனால் ஆலோசகர் கரண்ட் கொடுக்கும் கட்டடத்திலேயே, வரிசை பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெஷின் ரிப்பேர் ஆகும் நாட்களில் காத்திருப்பு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஆகும். நேரமில்லை என்று டாக்டர் சொல்வது நியாயம். நோயாளிக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் கேட்கலாம்.

எப்போது? நோய் இதுதான் என்று தெரிந்த வாரத்தில், சிகிச்சை தொடங்கும்போது, நடுவில், ஒரு நாள் வராமல் போனால் மறுநாளே. முடியும்போது கட்டாயம். ‘முடிஞ்சுது, மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று அனுப்பும் நாளை எல்லோரும் சந்தோஷமான நாள் என்று நினைக்கிறார்கள். தினம் பார்த்த சிஸ்டர் இல்லை, வரிசையில் பேச்சுத்துணை இல்லை, வீட்டில் எல்லோரும் ‘சரியாயிடுச்சுல்ல’ என்கிறார்கள், லேசாக முதுகு வலித்தாலும் திரும்ப வந்துவிட்டதோ என்று திக்கென்கிறது. எங்களில் பலர் மிகவும் தளர்ந்துபோனது அந்த மூன்று மாதத்தில்தான்.

நாங்கள் செய்யாதவற்றையும் பதிவு செய்கிறோம். மொட்டைத்தலைக் குழந்தையின் படத்தைப் போஸ்டரில் போட்டுப் பணம் கேட்கமாட்டோம். மருந்துக் கம்பெனிப் பணம் வாங்கமாட்டோம். யாருடைய பதிலையும் யாருக்கும் காட்டமாட்டோம், வரிசையில் உரக்கப் படிக்கும் வழக்கத்தை அனுமதிக்கவும் மாட்டோம். பாசிட்டிவாக இருந்தால் புற்றுநோய் குணமாகும் என்று மேடையில் பேசமாட்டோம். ஜிம்மி ஹாலண்ட் இதை நோயாளிமீது நடத்தும் கொடுங்கோன்மை என்றே கண்டித்தார். ‘தைரியமா இருங்க’ என்று சொல்லி அனுப்பும் உறவினருக்கு இது புரிவதில்லை. நோய் கூடினால், தைரியம் போதாததால் கூடியது என்று அந்தப் பழியையும் நோயாளி சுமக்க வேண்டியிருக்கிறது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

செய்வது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மாவட்டத்துக்கு ஒரு கையேடு தயாரிப்பது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுக்கக் கழிவு, துணைக்கு முக்கால் பங்கு கழிவு. அதற்கான சான்றில் யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்த அறையில், எந்த நேரத்தில்? கணவர் விட்டுப்போன பெண்ணுக்கு உள்ள மாத உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் எந்தத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும்? ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும்? மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குமிடம் தரும் மடம் எது, சத்திரம் எது, சர்ச் எது, தர்கா எது, பெண் தனியாகத் தங்கலாமா? ஆலோசகர் கையில் இந்தக் கையேடு இல்லாவிட்டால் அவர் ஆறுதல் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பார். பாதி மனத்துயருக்கு மருந்து இந்தக் கையேட்டில் இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

அரசிடம் கேட்பது: புற்றுநோய்ச் சிகிச்சை தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், புற்றுநோய்ப் பிரிவுக்கென்றே நிரந்தர ஆலோசகர் பணியிடமும் மருத்துவச் சமூகப் பணியாளர் பணியிடமும். காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைத் தொகுப்பிலேயே இந்தக் கவனிப்புக்கும் தொகை. வெளியூர் நோயாளிக்கும் துணைக்கும் சிகிச்சை முடியும் வரை தங்குமிடம். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே விதி. அங்கே வராந்தாவில் யாரும் படுப்பதில்லை, நிலத்தை விற்றுவிட்டு வந்து ஏசி அறையில் தூக்கமில்லாமல் படுத்திருக்கிறார்கள்.

உறுப்பினர் கட்டணம் இல்லை. கையெழுத்துப் போடலாம், கைநாட்டும் வைக்கலாம். நோயைப் பற்றி ஊரில் சொல்ல விரும்பாதவர்கள் பெயர் போடாமலே சேரலாம். முதல் வேலையாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கதிர்வீச்சுக் கருவி உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் மனு அனுப்புகிறோம். மனுவில் உள்ள கேள்விகள்: புற்றுநோய்ப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஆலோசகர் பணியிடங்கள் எத்தனை? அதில் நிரம்பியவை எத்தனை? கடந்த ஆண்டில் கதிர்வீச்சைத் தொடங்கி நடுவில் நிறுத்திய நோயாளிகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரைத் தொடர்புகொண்டு காரணம் கேட்டீர்கள்? கேட்டவர் யார், அவருடைய பதவி என்ன?